பனி தூக்கிய கல்

தடதடவென்று யாரோ பலகையை இடிக்கும் சத்தம். காரை விட்டு இறங்கிய நானும் என் கணவன் ரெய்னோவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சத்தம் கொல்லைப்புறத்திலிருந்து வந்தது. மறுபடியும் தடதட.

"அப்பாதான் அது" என்று ரெய்னோ ஓட ஆரம்பித்தான். நானும் ஓடினேன்.

கோடை முழுக்க முட்டி தேயத் தேய நான் பேவர் கல் பாவிய முற்றம் வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. அதன் கடைசியில்தான் நீராவிக் குளியலுக்கான சவுனா. மரத்தாலான ஒற்றை அறை, ஒரே கதவு, கையகல ஜன்னல். புகைபோக்கியில் புகை தடித்து எழுந்தது. உள்ளே விறகடுப்பு திகுதிகுவென்று எரிகிறது என்று அர்த்தம். கதவு உள்ளிருந்து இடிபட்டு அதிர்ந்ததே தவிரத் திறக்கவில்லை.

"மாமா, நாங்க வந்துட்டோம்" என்று கத்தினேன்.

இடி சட்டென்று நின்றது.

எனக்குப் பகீர் என்றது. அத்தை காலமானதிலிருந்து எங்களோடு இருக்கும் மாமனார் ஆர்வோவுக்கு எழுபதைத் தாண்டிய வயது. போன வருஷம்தான் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். அந்தச் சூட்டில் மயங்கி விழுந்திருந்தால்? கதவில் காதை வைத்தேன்.

"நீங்க எதுக்கு இப்ப வந்தீங்க?" என்றது அவர் குரல், எரிச்சலோடு.

ரெய்னோ பயிற்சி கொடுக்கும் பையன்களின் ஹாக்கி ஆட்டம் ரத்தாகிவிட்டது. எதிரணியின் பஸ் வழியில் பனிக்குள் இறங்கிவிட்டதாம். இதைக் கதவில் வாயை வைத்து அவன் சொல்லி முடித்தபோதுதான் எனக்கு உறைத்தது: ஆட்டம் நடந்திருந்தால் இரவுதான் திரும்பியிருப்போம்.

குனிந்து பார்த்தேன். கதவையொட்டி நான் பதித்த கற்கள் விரல் தடிமனுக்கு எழும்பி, கதவின் அடிப்பலகையை முட்டிக்கொண்டு நின்றன. மண்ணுக்குள் இருந்த ஈரம் உறைந்து வீங்கிக் கல்லைத் தூக்கிவிட்டது. போதாததற்கு, குளித்த தண்ணீர் இடுக்கு வழியாக வழிந்து, அந்தக் கல்மேலேயே இரும்பாக ஐஸ் கட்டிக் கதவைக் கவ்வியிருந்தது. உள்ளே போகும்போது உரசிக்கொண்டு திறந்த கதவு, இப்போது அசைய மறுத்தது.

இதைத்தான் நவம்பரிலிருந்து தலைபாடாக அடித்துக்கொண்டேன். பனி கல்லுக்குக் கம்பளி மாதிரி, அது மேலே கிடந்தால் குளிர் அடிமண்வரை இறங்காது, பெருக்காதீர்கள் என்று. ஆர்வோ மாமா கேட்டால்தானே? தினமும் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டு வேலியிலிருந்து சவுனா வாசல்வரை ஒரு பொட்டுப் பனி இல்லாமல் கூட்டித் தள்ளுவார். ஏன் என்றால், கல்லைப் பார்க்கத்தானே போட்டாய் என்பார். ஒரு குளிர்காலம் தாங்காது மருமகள் போட்ட கல் என்று காபிக் கடையில் வேறு சொல்லி வைத்திருந்தார். சொன்னதைப் பலிக்க வைக்கத்தான் பெருக்குகிறார் என்று நான் உள்ளுக்குள் கொதித்துக் கிடந்தேன்.

இப்போது கொதிக்க நேரமில்லை. ரெய்னோ உப்பு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தான். தடுத்தேன். சுப்பீரியர் ஏரிக் காற்று அறைகிற இந்தக் குளிரில் உப்பு ஐஸை உருக்காது, கல்லின் தோலை மட்டும்தான் உரிக்கும். கீல் ஆணியைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தான். துருவேறிய ஆணி அசையவில்லை.

"ஜன்னல ஒடைக்கிறேன்ப்பா. காத்தாவது வரட்டும்."

"ஜன்னலத் தொட்டே, உன் கைய ஒடைச்சுடுவேன்."

ஜன்னலின் உட்பக்கம் ஒரு துண்டு மறைத்துத் தொங்கியது. வீட்டுக்குள் போய்க் காபி குடியுங்கள், அடுப்பு அணைந்ததும் நானே வருகிறேன் என்றார் மாமா. அடுப்பு அணைந்தால் விறைத்துத்தான் போவீர்கள் என்றேன் நான். உள்ளே குசுகுசுவென்று ஏதோ பேச்சு மட்டும் கேட்டது.

"சூடு தலைக்கேறிடுச்சு. தனியா பேச ஆரம்பிச்சுட்டார்" என்றான் ரெய்னோ. அவன் முகம் வெளுத்திருந்தது.

எங்கள் கடப்பாரை கொட்டகையோடு பனிக்குள் புதைந்திருந்தது. பக்கத்து வீட்டு லெம்பி அம்மாவிடம் ஒன்று உண்டு. கணவர் காலமான பிறகு கூரை ஐஸைக்கூடத் தானே உடைத்துத் தள்ளும் பெண்மணி. ரெய்னோ வேலி இடுக்கில் நுழைந்து ஓடினான். அங்கெல்லாம் போகாதே என்று மாமா உள்ளேயிருந்து கத்தியது அவன் காதில் விழவில்லை. கடப்பாரையோடு வந்தவன், வீடு திறந்து கிடக்கிறது, அடுப்பில் காபி கொதிக்கிறது, ஆனால் ஆளைக் காணோம் என்றான் மூச்சிரைக்க.

கடப்பாரையைப் பிடுங்கிக் கல்மேல் ணங்கென்று ஊன்றினேன். அந்தச் சத்தம் மாமாவுக்குப் புரிந்துவிட்டது போலும்.

"ட்ரூடி, கல்ல ஒடைக்காதம்மா. பாடுபட்டுப் போட்ட கல்லு."

உயிர் ஊசலாடுகிற நேரத்தில் என் கல்லுக்காகக் கெஞ்சுகிறார். இந்த மனிதரையா நான் இவ்வளவு நாள் கரித்துக் கொட்டினேன்?

"கல்லு போனா போகட்டும் மாமா. தள்ளி நில்லுங்க."

ஓங்கி இறக்கினேன். முனை ஐஸில் பட்டுத் தெறித்தது. இன்னொன்று. மூன்றாவது அடியில் கல் இரண்டாகப் பிளந்தது. ரசமட்டம் வைத்து வைத்து நான் பதித்த கல். பிளந்த இடத்தில் கடப்பாரையைச் செருகி முழு எடையையும் போட்டு அமுக்கினேன். உறைந்த மணலோடு ஒரு பாளம் கடகடவென்று பெயர்ந்தது. அடுத்தது சுலபமாக வந்தது. அதற்கடுத்தது ரெய்னோவின் காலில் விழ, அவன் நொண்டிக்கொண்டே கைப்பிடியைப் பற்றினான்.

"இழு" என்றேன்.

இழுத்தான். அசைந்தது. நானும் அவன் இடுப்பைப் பிடித்து இழுத்தேன். கதவு பிய்த்துக்கொண்டு திறக்க, இரண்டு பேரும் மல்லாக்க விழுந்தோம்.

வெள்ளை வெளேரென்று நீராவி குபுகுபுவென வெளியேறியது. அதற்குள்ளிருந்து ஆர்வோ மாமா இடுப்பில் துண்டோடு வந்தார், வேகவைத்த நண்டு நிறத்தில். முழுசாக, நிமிர்ந்து. ஓடிப் போய்க் கட்டிக்கொள்ள எழுந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. வானத்தைப் பார்த்தார்.

அவருக்குப் பின்னால், நீராவி கலையக் கலைய, இன்னொரு உருவம். கழுத்துவரை குளியல் அங்கி, தலையில் கம்பளித் தொப்பி. லெம்பி அம்மா.

ரெய்னோ விழுந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தான், வாய் திறந்தபடி. என் பார்வை தானாக வேலி இடுக்குக்குப் போய், அங்கிருந்து சவுனா வாசல்வரை ஒரு காலடித் தடமும் இல்லாமல் துடைத்து வைத்த பாதையில் நடந்து திரும்பி வந்தது.

லெம்பி அம்மா நிதானமாகக் காலணியை மாட்டிக்கொண்டு, குனிந்து, பிளந்து கிடந்த கல் ஒன்றைப் புரட்டிப் பார்த்தார்.

"பதறாதம்மா ட்ரூடி, ஜூன் மாசத்துக்குள்ள திரும்பப் பதிச்சுடலாம். ஊர்லயே இவ்வளவு அழகான முற்றம் கிடையாது, கல்யாணத்த இங்கதான் வச்சுக்கணும்னு இவர் ஒத்தக் கால்ல நிக்கறார்."