மூன்றாம் லைனில் ஒரு தந்தக் கதிரை

அன்னம்மா ரோமாபுரியின் நீதிபதி ஒருவரைப் பதவியிலிருந்து இறக்கியது ஜூலை மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை, எண்பது பாகை வெந்நீரில். வேண்டுமென்று செய்யவில்லை. ஆஸ்பத்திரி விரிப்புகளுக்கு நடுவில் வந்த ஒரு நீளமான வெள்ளைத் துணியின் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ஊதா நிறம் ஓடிக் கிடந்தது. புண்ணுக்குப் பூசும் ஊதா மருந்து பட்டுவிட்டதாக்கும் என்று நினைத்தாள். பதினொரு வருடமாகக் கறையோடு மல்லுக்கட்டிய கை அது, யோசித்துக்கொண்டு நிற்காது. மருந்தைப் போட்டுத் தேய்த்து நாலாம் நம்பர் மெஷினுக்குள் தள்ளினாள். நாற்பது நிமிடத்தில் துணி பால் மாதிரி வெளியே வந்தது, அரை முழம் சுருங்கியும் இருந்தது. அந்த ஊதாக் கரைதான் அந்த மனிதரின் அதிகாரம் என்பதும், கரை போனால் அங்கே பதவியும் போய்விடும் என்பதும் லாண்டரியில் யாருக்கும் தெரியாது.

சிட்னியில் வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனிலிருந்து பஸ் பிடித்துப் போகும் தூரத்தில் இருந்த அந்த லாண்டரிக்கு ரோமாபுரியின் உடுப்புகள் அதற்கு முந்திய மாதமே வரத் தொடங்கியிருந்தன. மற்றத் துணிகள் வரும் அதே நீலப் பைகளில்தான் அவையும் வந்தன. சீட்டில் 'விரிப்பு, பெரியது' என்று போட்டிருக்கும். அங்கே தேர்தல் காலம். தேர்தலுக்கு நிற்பவர்கள் உடுப்பைச் சுண்ணாம்பு பூசி வெளுப்பாக்கிக்கொண்டு தெருவில் இறங்கிக் கைகுலுக்குவது அவர்களுடைய வழக்கம். அந்தச் சுண்ணாம்பு மெஷின் வடிகட்டிகளில் போய் அடைத்தது, வாரத்துக்கு இரண்டு தடவை சுரண்ட வேண்டியிருந்தது. அதைத் தவிர வேறு கரைச்சல் இல்லை. பைக்குள் என்ன வருகிறது, ஏன் வருகிறது என்று லாண்டரியில் கேட்பதில்லை. முந்திய வருடம் ஒருவரின் பல் செட் வந்தது. அதற்கு முந்திய வருடம் உயிரோடு ஓர் ஓணான் வந்தது.

அன்னம்மா மன்னார்ப் பெண், ஐம்பத்தேழு வயது. மூன்றாம் லைனில் துணி பிரிப்பது அவள் வேலை. காலை ஆறு மணிக்கு நின்றால் பின்னேரம் நாலரை வரை நிற்க வேண்டும். எட்டாம் வருடம் வலது முழங்கால் விட்டுவிட்டது. அதற்குப் பிறகு மூன்று தடவை கதிரை கேட்டு எழுதிக் கொடுத்தாள், டாக்டரின் கடிதமும் சேர்த்து. முதல் தடவை பதில் இல்லை. இரண்டாம் தடவை காலுக்குக் கீழே போட ஒரு ரப்பர் விரிப்பு வந்தது. மூன்றாம் தடவை, எப்படி நிற்பது என்று படம் போட்ட ஒரு தாள் வந்தது. மேற்பார்வைக்கு இருந்த விவேக் சென்னைப் பையன், படிக்க வந்து அப்படியே தங்கியவன், கெட்டவன் அல்ல. "ஆன்ட்டி, லைன்ல சேர் போடக் கூடாதுன்னு மேல இருந்து வருது. நான் என்ன பண்றது சொல்லுங்க" என்பான். அன்னம்மா அடுத்த பையை அவிழ்ப்பாள். வாய் பேசுவதற்கும் கொஞ்சம் சக்தி வேண்டும்.

லாண்டரித் தொழிலாளருக்கு ஒரு கள்ளப் பழக்கம் உண்டு. வீட்டுக்குப் போய்ச் சேரும்போது உடம்பில் ஒன்றும் மிஞ்சுவதில்லை என்பதால், தங்கள் வேலை அங்கியையும் ஆஸ்பத்திரித் துணியோடு சேர்த்து மெஷினுக்குள் போட்டுவிடுவார்கள். கூடாது என்று சுவரில் எழுதியிருக்கிறது. எழுதியதற்குக் கீழே நின்றுதான் போடுவார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை நாலாம் நம்பர் மெஷினுக்குள் அன்னம்மாவின் வெள்ளை அங்கியும் கிடந்தது. காய்ந்து வந்தபோது அதன் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ஊதாக் கரை, அடிமட்டம் வைத்துக் கோடு போட்டதுபோல.

வெள்ளிக்கிழமை காலை பிரம்புக் கட்டைத் தோளில் சாத்திய இரண்டு பேர் வந்து அன்னம்மாவின் இடமும் வலமும் நின்றார்கள். நீதிபதிக்கு முன்னால் நடந்து வழி விலக்குகிறவர்கள் அவர்கள். முகத்தைப் பார்த்துப் பழகியவர்கள் அல்ல, கரையைப் பார்த்துப் பின்னால் போகிறவர்கள். மூன்றாவதாக வந்தவன் யானைத் தந்தத்தில் செய்த ஒரு மடக்குக் கதிரையை லைனுக்குப் பக்கத்தில் விரித்து வைத்துவிட்டுப் போனான். முதுகுச் சாய்வு இல்லாத கதிரை. விவேக் அதில் உட்கார்ந்து பார்த்தான். அது மடிந்து அவனைத் தரையில் விட்டது. மறுபடி விரித்து இருந்தான், மறுபடி மடிந்தது. பிறகு அவன் முயற்சி செய்யவில்லை.

அதே நாள்தான் பதவி போனவரும் வந்தார். செர்வியுஸ் என்று பெயர். சுருங்கிய வெள்ளைத் துணியைச் சுற்றிக்கொண்டு, தன்னுடைய பிரம்புக்காரருக்கே தன்னை அடையாளம் தெரியாமல் வாசலில் நின்றார். அன்றைக்கு ஏஜென்சி அனுப்ப வேண்டிய ஆட்களில் ஒருவர் குறைவு. வாசலில் சும்மா நிற்கிறவர் வேலைக்கு வந்தவராகத்தான் இருப்பார் என்று தலைக்கு வலை மாட்டி, கையுறை கொடுத்து, மூன்றாம் லைனில் அன்னம்மாவுக்குப் பக்கத்தில் விட்டார்கள். அந்த இரைச்சலில் எல்லாரும் கையால்தான் பேசுவார்கள், ஆகவே மொழி ஒரு பிரச்சினையாகவில்லை. லைனின் மறுபக்கம் நின்ற சத்தியபாமா யாழ்ப்பாணத்துக்காரி, வாய் ஓயாதவள். அவளிடமிருந்து செர்வியுஸ் இரண்டு மாதத்தில் தமிழைப் பிடித்துக்கொண்டார். அன்னம்மாவை அக்கா என்றுதான் கூப்பிட்டார், சத்தியபாமா அப்படிக் கூப்பிட்டதால்.

பிரம்புக்காரர் வேலை முடிந்தும் போகவில்லை. அன்னம்மா பஸ்ஸுக்கு நடந்தால் முன்னால் நடந்தார்கள், சனம் விலகியது. ரயிலில் ஆறு பேர் ஒரேயடியாக எழும்பி இடம் விட்டார்கள். வென்ட்வேர்த்வில் கடையில் மீன் வாங்க நின்ற வரிசை தானாகப் பிளந்தபோது அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது, வாங்காமலே வந்துவிட்டாள். மேய்ஸ் ஹில் கோயிலில் தேர் நடந்த நாள் அவள் அந்தப் பக்கமாகப் போக, ஏதோ சாமி வருகிறது என்று நினைத்து நாற்பது பேர் பஸ் தரிப்பு வரைக்கும் பின்னால் வந்தார்கள்.

ஆனால் கதிரையில் மட்டும் அவள் இருக்கவில்லை. முதல் மாதம் விவேக் விடவில்லை. அதன் பிறகு அவளுக்கே மனம் வரவில்லை. ரோமாபுரி அதிகாரி என்றால் அவளுக்குத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான், ஒவ்வொரு ஞாயிறும் விசுவாசப் பிரமாணத்தில் பெயர் வரும் போஞ்சு பிலாத்து, இயேசுவைச் சாகக் கொடுத்தவர். பெரிய வெள்ளிக்குப் பெரிய வெள்ளி கோயிலில் அந்த மனுஷன் நியாயாசனத்தில் இருந்து கை கழுவுவதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள். அந்த மாதிரிக் கதிரையில் தான் போய் இருப்பதா? மூன்று வருடமாகக் கேட்ட கதிரை கையெட்டும் தூரத்தில் விரிந்து கிடந்தது. அவள் ஒரு காலில் பாரத்தைப் போட்டு, பிறகு மற்றக் காலில் போட்டு, நின்றுகொண்டே துணி பிரித்தாள்.

செப்டெம்பரில் வழக்குக்காரர் வரத் தொடங்கினார்கள். எல்லைச் சுவர் தகராறு, அடிமை ஓடிய தகராறு, குலதெய்வத்துக்கு விளக்கேற்றுவது அண்ணனா தம்பியா என்ற தகராறு. நீதிபதி கதிரையில் இருந்து சொன்னால்தான் அது தீர்ப்பு. நின்றுகொண்டு சொன்னால் வெறும் பேச்சு. அவள் இருக்காததால் ஒருவரும் திரும்பிப் போகவில்லை. லாரி பின்னுக்கு வரும் இடம் நிறைய ரோமர் குந்திக்கொண்டிருந்தார்கள். ஒக்டோபர் நடுவில் துணி ஏற்ற வழியில்லாமல் போனது. ஆஸ்பத்திரியிலிருந்து மணிக்கொரு தடவை போன் வந்தது. வழக்குக்காரரோடு வந்த சகுனம் பார்க்கும் கிழவர் ஒருவர், தெய்வங்களுக்குச் சம்மதமா என்று பார்க்கக் குப்பைத் தொட்டியடியில் நின்ற நீள மூக்கு ஐபிஸ் பறவைகளுக்குப் பாண் துண்டு போட்டார். பறவை ஆசையாய்த் தின்றால் நல்ல சகுனம். சிட்னி ஐபிஸ் எதையும் வேண்டாம் என்று சொன்ன வரலாறு இல்லை. பாணைத் தின்று, பாண் வந்த பையையும் தின்றன. ரோமாபுரி கட்டிய நாளிலிருந்து இப்படியொரு நல்ல சகுனம் விழுந்ததில்லை என்று கிழவர் அழுதார்.

விவேக் ஓடி வந்தான். "ஆன்ட்டி, மேல பேசிட்டேன். ப்ளீஸ், உக்காருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"மாட்டன் தம்பி. அது பிலாத்துவின்ட கதிரை."

மறுபக்கத்திலிருந்து சத்தியபாமா துணியை எறிந்துவிட்டுச் சொன்னாள்: "அக்கா, பிலாத்து செய்த பிழை கதிரையிலை இருந்ததோ, கை கழுவினதோ? அந்தாள் இருந்துகொண்டு கழுவினார். நீங்கள் நிண்டுகொண்டு கழுவுறியள். அவ்வளவுதான் வித்தியாசம்."

அன்னம்மா கையுறையைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டு, கதிரையின் விளிம்பைப் பிடித்து மெல்ல இருந்தாள். கதிரை மடியவில்லை. முழங்காலிலிருந்து ஒரு சூடு இறங்கிப் பாதம் வழியாகத் தரைக்குள் போவது அவளுக்குத் தெரிந்தது. "கனநேரம் இருக்க ஏலாது அக்கா. ஒருத்தரும் பதவியிலை ஒட்டிக்கொள்ளக் கூடாது எண்டுதான் அதை அப்பிடிச் செய்யிறது" என்றார் செர்வியுஸ். "பதினொரு வருஷம் நிண்டவளுக்கு இது பஞ்சு மெத்தை" என்றாள் அவள்.

முதல் வழக்கு செர்வியுஸின் வழக்குத்தான். கையில் இருந்த ஈரத் துணியை வைத்துவிட்டு, லைனைச் சுற்றி நாலு எட்டு வந்து, அவளுக்கு முன்னால் நின்றார். தன்னுடைய கரையைக் கழுவியது அவள்தான், அதைத் திருப்பித் தர வேண்டும் என்றார். கரை போனால் கதிரையும் போகும். அது இதற்குள் செர்வியுஸ் சொல்லி அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் இருந்து மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

"கறை எண்டு நினைச்சுக் கழுவினது என்ட பிழைதான்" என்றாள். "நீங்கள் இதிலை எத்தனை வருஷம் இருந்தனீங்கள்?"

"ஏழு மாதம்."

"அந்த ஏழு மாதத்திலை, முன்னாலை நிண்ட ஆக்களிலை ஒருத்தரையாவது இருங்கோ எண்டு சொன்னனீங்களோ?"

செர்வியுஸ் நேர்மையான மனிதர். அவருடைய கணுக்கால்கள் வீங்கிச் செருப்பு வாரை மூடியிருந்தன. "இல்லை அக்கா" என்றார். "அந்த நினைப்பே வரேல்லை."

ரோமாபுரியில் நீதிபதியானவர் தன் சட்டத்தை வெள்ளையடித்த பலகையில் எழுதி எல்லாரும் பார்க்க வைக்க வேண்டும். லாண்டரியில் இருந்த வெள்ளைப் பலகை, ஒரு மணிக்கு எத்தனை கிலோ என்று எழுதுவது. அன்னம்மா நொண்டி நொண்டிப் போய் அதிலிருந்த கணக்கை அழித்துவிட்டு, பெரிய எழுத்தில், மெதுவாக எழுதினாள். 'மூன்றாம் லைனில் நிற்கும் எல்லாரும் முறை வைத்து இருபது நிமிடம் இருக்கலாம். கரை யார் அங்கியில் இருந்தாலும் இது மாறாது.' திரும்பி வந்து, கதிரையில் இருந்து, அதை வாசித்தாள். பிரம்புக்காரர் இருவரும் பிரம்புக் கட்டால் தரையில் ஒரு தடவை தட்டினார்கள். சட்டமாகிவிட்டது. பிறகு எழும்பி, "முதல் முறை உங்களுக்கு" என்றாள் செர்வியுஸிடம்.

விவேக் கண்ணை மூடிக்கொண்டான், அவனுக்கு அந்தக் கதிரையைத் தெரியும். கரையில்லாத மனிதர், தலையில் வலையோடு, போய் இருந்தார். கதிரை மடியவில்லை. நாலாம் நிமிடம் தூங்கிப்போனார். இருபதாம் நிமிடம் சத்தியபாமா அவர் தோளில் தட்டி, "எழும்புங்கோ ஐயா, இது என்ட நேரம்" என்றாள். அன்னம்மாவின் முறை அன்றைக்குக் கடைசியாக வந்தது.

அடுத்த ஜூலையில் அதே மெஷினுக்குள் ஊதாக் கரை அவள் அங்கியை விட்டுச் சத்தியபாமாவின் அங்கிக்குப் போனது, அதற்கடுத்த வருடம் நேபாளத்துக்காரி ஒருத்தியின் அங்கிக்கு. ஒவ்வொருத்தரும் பலகையைப் புதிதாக எழுதினார்கள், முதல் வரியை மாற்றவில்லை. கிலோக் கணக்கு இப்போது அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கிறது. பிரம்புக்காரர் பாதுகாப்பு வகுப்புக்குப் போய், மஞ்சள் மேற்சட்டை வாங்கி, மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். செர்வியுஸ் கரையைப் பிறகு கேட்கவில்லை, வேலையில் நிரந்தரமாகிவிட்டார், சாப்பாட்டுக்குப் பிந்திய முறை அவருடையது. வழக்குக்காரர் செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் வருகிறார்கள், லாரிக்கு வழி விட்டு ஓரமாகக் குந்துகிறார்கள். அன்னம்மாவின் முழங்கால் வலி மாறவில்லை, இனி மாறாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டு பத்துக்கு அவள் முறை வருகிறது, இருக்கிறாள். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள் பிரம்புக்காரரைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. தங்கள் முறை எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்கிறார்கள்.