ஜித்தாவில் இறங்கித்தான்

விமானத்தைக் கடத்தியவர்களில் ஒருவன் துப்பாக்கியைத் தூக்கி, ஆசனத்தை விட்டு யார் அசைந்தாலும் சுடுவேன் என்று கத்திக்கொண்டிருந்தான். டிவிக்கு முன்னால் என் புருஷன் ஃபஸ்லான் காலை நீட்டி உட்கார்ந்து, பிளேனுக்குள் எது எங்கே இருக்கும் என்று எனக்கு வகுப்பெடுத்தார். கத்தாரிலிருந்து வந்து ஒரு கிழமைதான். எங்கள் ஊர் கரைத்தீவிலேயே பிளேன் ஏறிய ஒரே ஆள் தான்தான் என்ற நினைப்பு. நானும் ரியாத்தில் நாலு வருஷம் வீட்டுவேலை செய்தவள் என்பது அவருக்கு மறந்துபோகும். அளக்கட்டும் என்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

படத்தில் ஒரு வயதாளி கழிவறைக்குப் போக விடும்படி கெஞ்சினார். பாவமாக இருந்தது. ரியாத் வீட்டு மேடம் என்னை மக்காவுக்கு உம்றா யாத்திரை கூட்டிப்போன பிளேன் ஞாபகம் வந்தது. ஆண்கள் வெள்ளைத் துணியைத் தூக்கிக்கொண்டு அந்தக் கழிவறை வாசலில்தான் வரிசையாக நின்றார்கள். மக்காவின் எல்லையைத் தாண்டுமுன் அந்த இஹ்ராம் துணியை உடுத்தியாக வேண்டும். ஜித்தாவில் இறங்குமுன் வானத்திலேயே எல்லை வந்துவிடும்; வருகிறது என்று பைலட்டே சொல்லுவார். ஃபஸ்லானும் ஊருக்கு வருமுன் தோஹாவிலிருந்து உம்றாவுக்குப் போனவர். நீங்கள் எங்கே மாற்றினீர்கள் என்று சும்மா பேச்சுக்குத்தான் கேட்டேன்.

"பிளேனுக்குள்ள ஆரு உடுப்பு மாத்துற? ஜித்தாவில எறங்கித்தான் மாத்தின," என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பைலட் ஒன்றும் சொல்லவில்லையா என்றேன். தூங்கிவிட்டாராம். பக்கத்தில் இருந்தவர்களும் எழுப்பவில்லையாம். பிறகு டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

உரித்த வெங்காயத்தைக் கீழே வைத்தேன். மக்காவில் எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. போன் உடைந்துவிட்டது என்றார், நம்பினேன். மக்காவின் புனிதக் கிணற்று ஸம்ஸம் தண்ணீர், சீல் வைத்த கேனில் இல்லாமல் சாதாரணப் போத்தலில் வந்தது. கேன் ஒழுகியது, மாற்றினேன் என்றார், அதையும் நம்பினேன். உம்றாவுக்குப் போகவில்லையென்றால் அந்த நாட்களில் எங்கே இருந்தார், யாரோடு இருந்தார்? வந்த அன்று அயலையெல்லாம் கூப்பிட்டு அந்தத் தண்ணீரைக் கொடுத்தோமே. முழங்கால் வலிக்காரர்கள்கூட எழுந்து நின்று, மக்கா இருக்கும் கிப்லாத் திசையைப் பார்த்து, துஆ கேட்டுக் குடித்தார்களே. சீ, மனுஷன் சட்டம் தெரியாமல் பிழை விட்டிருக்கலாம் என்றும் நினைத்துப் பார்த்தேன். அந்த நினைப்பு நிலைக்கவில்லை.

அப்போதுதான் பக்கத்து வீட்டு அக்கீலா சின்னக் கோப்பையோடு வந்தாள். அவள் புருஷன் நிஸாருக்கு அடுத்த நாள் இருதய ஒபரேஷன்.

"கொஞ்சம் ஸம்ஸம் தாங்க ராத்தா. அதக் குடிச்சிட்டுத்தான் போவன் என்டு சொல்றார்."

அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. உள்ளே போய்ப் போத்தலை எடுத்துவந்தேன். அவள் நீட்டிய கோப்பையில் ஊற்றவில்லை. ஒரு தம்ளரில் ஊற்றி ஃபஸ்லானிடம் கொடுத்தேன்.

"மொதல்ல நீங்க குடிங்க. நிஸார்ட சொகத்துக்கு துஆ கேட்டுக் குடிங்க."

அவர் என்னைப் பார்த்தார். தம்ளரை வாங்கி, எழுந்து, கிப்லாப் பக்கம் திரும்பினார். குடிக்குமுன் சொல்லும் பிஸ்மியைத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார். அக்கீலா ஆமீன் சொல்ல இரண்டு கைகளையும் ஏந்தியபடி காத்து நின்றாள். அவர் குடிக்காமலே தம்ளரை டிவிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, மீதித் தண்ணீர் இருந்த போத்தலையும் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.