மகனின் கால் பதிந்த காலணி

பியெம்மே பள்ளத்தாக்கில் பாறையேறும் காலணி தைக்கும் தர்ச்சீசியோ, ஒர்னெல்லா நீட்டிய ஜோடியைத் திருப்பிப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"மவுரோவோடதுதானே? பெருவிரல் இடத்துல ஓட்டை! கால எடுத்து வைடான்னா இழுத்துக்கிட்டே ஏறுவான். துரைக்கு நேர்ல வர வெக்கமாமா, அம்மாவ அனுப்பியிருக்கான்?"

"ஜனவரியில பனிச்சரிவுல போயிட்டான் அண்ணே."

அவர் காலணியை மெல்லக் கீழே வைத்தார். "தெரியாமப் பேசிட்டேன், மன்னிச்சிரும்மா."

"அவன் தங்கச்சிக்கும் அதே அளவு. ஞாயித்துக்கிழமை இதைப் போட்டுத்தான் ஏறுவாளாம். புதுசு வாங்கிக் கொடுத்தா தொடமாட்டேங்கிறா. அடியை மாத்திக் கொடுங்க."

தர்ச்சீசியோ தயங்கினார். பழைய அடியைச் சூடுகாட்டி உரித்து, உள்ளே கால் வடிவ அச்சுக்கட்டையை இறுக்கித் திணித்த பிறகே புது ரப்பரை ஒட்ட முடியும்.

"கட்டை ஏறினா அவன் விரல் பதிஞ்ச பள்ளமெல்லாம் போயிடும்மா."

ஒர்னெல்லா இடக்காலணிக்குள் கையை விட்டாள். தோலில் ஐந்து குழிகள் இருந்தன. பிறந்த அன்றே அவள் கண்டு முத்தமிட்ட கோணல், பெருவிரல்மேல் சாய்ந்த இரண்டாம் விரல், அதுவும் அப்படியே பதிந்திருந்தது. மண் கொண்டது போக, மகனின் மெய்யில் அவளுக்கு எஞ்சிய வடிவம் அது ஒன்றே.

"ஓட்டையோட ஏறினா வழுக்குமா அண்ணே?"

"வழுக்கும்மா."

"அப்ப கட்டையை ஏத்துங்க."

சொல்லிய பின்னும் அவளால் கையை எடுக்க இயலவில்லை. தர்ச்சீசியோ அவசரப்படுத்தவில்லை. நெடுநேரம் கழித்து, உறங்கும் குழந்தையின் தலைக்கடியிலிருந்து கையை உருவுவதுபோல், மெல்ல உருவினாள்.