சுவிட்ச் சொன்ன தீர்ப்பு

அக்காவின் தொட்டியில் இருப்பது கொலைகார பாக்டீரியாவா, சாதுவா என்பதை எங்கள் ஆய்வகத்து லைட் சுவிட்ச் முடிவு செய்தது. போட்டால் சாது, அணைத்தால் கொலைகாரன். முழுப் பொறுப்பும் அடியேனுடையது.

எங்கள் வேலை கேட்கச் சுலபம். கடல் பாக்டீரியாவின் மேல் லேசரை அடித்தால், சிதறித் திரும்பும் ஒளியிலிருந்து மேடும் பள்ளமுமாக ஒரு கோடு கிடைக்கும். இனத்துக்கு இனம் கோடு மாறும். ஆயிரக்கணக்கில் காட்டிக் கணினியைப் பழக்கினால், புதிய கோட்டைப் பார்த்ததும் இனம் சொல்லிவிடும். கோடு எடுப்பது நான். கணினியைப் பழக்குபவள் பக்கத்து மேசைக்காரி. அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் ‘சதவீதம்’. சாப்பிட்டாயா என்று கேட்டால்கூட “அறுபது சதவீதம்” என்பாள்.

என் அக்கா சிப்பிக் குஞ்சு வளர்ப்பவள். அன்று காலை ஒரு கேன் தண்ணீரோடு மூச்சிரைக்க வந்து நின்றாள்.

“மூணு நாளா குஞ்சுங்க நீந்தாம அடியிலயே கெடக்குதுடா. கொல்ற கிருமியா இருந்தா மொத்தத் தொட்டியையும் கொட்டியாகணும். நாலு மணிக்குத் தண்ணி மாத்துவோம், எல்லாத் தொட்டிக்கும் ஒரே குழாய். அதுக்குள்ள தெரியலேன்னா எல்லாத்துலயும் பரவிடும்.”

கிருமியை வளர்த்துப் பார்க்க இரண்டு நாள் ஆகும். “நான் எதுக்கு இருக்கேன்?” என்று நெஞ்சை நிமிர்த்தினேன். ஒரு சொட்டைக் கண்ணாடிச் சிலைடில் வைத்து அளந்தேன். சாது, தொண்ணூற்றொன்பது சதவீதம்! அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. “கண்ணு கூசுதுடா” என்று சாக்கு சொல்லி ட்யூப்லைட்டை அணைத்தாள். பெருமைக்காக அதே சிலைடை இன்னொரு முறை அளந்தேன்.

கொலைகாரன். அதுவும் தொண்ணூற்றொன்பது.

சதவீதம் நாற்காலியைத் திருப்பினாள். “அண்ணே, கொல்ற இனத்தையெல்லாம் எப்ப அளந்தீங்க?”

“காலையில. லைட்டை அணைச்சிட்டு, விதிப்படி.”

“சாதுவை?”

“சாப்பிட்டு வந்து. இருட்டுல தூக்கம் வருதே, அதனால லைட்டை மட்டும்...”

“ட்யூப்லைட்டும் அந்தக் கோட்டுல கூர்கூரா விழும்ணே! மூணு மாசமா என் கணினி படிச்சது பாக்டீரியாவை இல்ல, நம்ம விளக்கை!”

“பள்ளிக்கூடத்துலயும் இப்படித்தாம்மா இவன்” என்றாள் அக்கா, என் மானத்தில் மிச்சமிருந்ததையும் வாங்கிக்கொண்டு.

மணி பத்தரை. சதவீதம் ஏற்கெனவே கறுப்புத் திரையை இழுத்துக்கொண்டிருந்தாள். கணினியைப் பழக்கிய இரண்டு இனமும் குளிர்பெட்டியில் இருந்தன. எல்லாவற்றையும் இருட்டில், கலந்து கலந்து, முதலிலிருந்து அளப்பதென்று முடிவானது. எது எது என்று எனக்குத் தெரியவே கூடாது. அக்கா காலி டிபன் பாக்ஸில் சீட்டுக் குலுக்கி, வந்த எண்ணுக்கு உரிய சிலைடைத் திரைக்கு அடியில் நீட்டினாள். சுவிட்சின் மேல் டேப் ஒட்டியதும் அவள்தான்.

“அடுத்தது!” “அடுத்தது!” பத்து விநாடிக்கு ஒரு கோடு. சாப்பாட்டை மறந்தோம். எனக்குத் தூக்கம் வரவேயில்லை. இதைச் சரித்திரத்தில் எழுதலாம்.

மூன்றே கால். கணினிக்குக் காட்டாமல் ஒளித்துவைத்த ஆறு சிலைடுகளில் பரீட்சை. முதலாவது சரி. இரண்டாவது சரி. நான்காவதில் அக்கா என் தோளைப் பிய்த்தெடுத்தாள். ஆறும் சரி! ஏழாவதாக, குறும்புக்கு வெற்றுச் சிலைடு ஒன்றை வைத்தேன். ‘தெரியவில்லை’ என்றது. மூன்று மாதத்தில் அது பேசிய முதல் உண்மை. மூவரும் கத்தியதில் எதிர் அறைக் கதவு திறந்தது.

பிறகு அக்காவின் தண்ணீர். நாற்பது கோடுகள். மணி மூன்றே முக்கால். அக்காவின் போனில், அங்கே தொட்டியைப் பார்த்துக்கொள்பவர், “கொட்டவாக்கா? கையை வால்வுலதான் வெச்சிருக்கேன்” என்று கேட்டுக்கொண்டேயிருந்தார்.

“என்னம்மா சொல்லுது?” என்றேன்.

“நாற்பதுல முப்பத்தெட்டு ஒரே பக்கம். ஆனா மொத்தமே நாற்பது கோடுதான்னு பார்த்தா, ஒரு விதத்துல...”

“சதவீதம்! கொட்டணுமா, வேணாமா?”

அவள் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

“வேணாம். சாதுதான். ஒரு சொட்டுகூடக் கொட்டாதீங்க.”