டேப்பின் முதல் மீட்டர்

டேப்பின் முதல் மீட்டர் இல்லை என்பது அலைவரியில் எல்லாருக்கும் தெரியும். சஹானாவுக்கு மட்டும் தெரியாது.

அலைவரி, செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இயங்கும் சின்னக் காலநிலை அறக்கட்டளை. சம்பளம் வாங்குகிறவர் ராகவன் ஒருவர்தான். மற்றவர்கள் சனி ஞாயிறில் வந்துபோகும் கல்லூரிப் பிள்ளைகள். சிலர் பள்ளிக்கூடங்களில் போய்ப் பேசுவார்கள், சிலர் ஏரிக்கரையில் பனங்கொட்டை ஊன்றுவார்கள். ஜெயப்பிரியாவின் வேலை கடலை அளப்பது.

மாதத்தில் ஒரு ஞாயிறு, மாமல்லபுரத்துக்குத் தெற்கே உள்ள ஒரு குப்பத்தில் ஒன்பது இடங்களில் அளக்க வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் அசையாத குறி ஒன்று உண்டு. ஒரு மின்கம்பம், அம்மன் கோயில் மதில், தண்ணீர்த் தொட்டி, நான்காவதாக மீன்பிடிக்கும் துரை அண்ணனின் வலைக்கூடத்துத் தூண். அந்தக் குறியிலிருந்து, கடைசியாக ஏறிய அலை சருகும் கிளிஞ்சலுமாக விட்டுப்போன கோடு வரைக்கும் எத்தனை மீட்டர்? அவ்வளவுதான். இரண்டு வருடத்துக்கு முன்னால் வலைக்கூடத்துக்கும் கடலுக்கும் நடுவே இருபத்தாறு மீட்டர் மணல் இருந்தது. போன மாதம் பத்தொன்பது.

துணி டேப் கிழிந்தது, ஜெயப்பிரியாவோடு அளக்க வரும் பார்த்திபனால். அவன் வேன் கதவை அறைந்து சாத்தியதில் நுனி மாட்டிக்கொண்டு, அளந்தெடுத்ததுபோல முதல் மீட்டர் போய்விட்டது. புது டேப் வாங்கிவிடலாம் என்றார் ராகவன். வாங்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு வழக்கம் முளைத்தது. கிழிந்த முனையைக் குறியில் வைத்துப் பிடிப்பவர், "ஒண்ணு போச்சு!" என்று கத்துவார். கோட்டில் நிற்பவர், "போச்சு!" என்று திருப்பிக் கத்திவிட்டு, படித்த அளவில் ஒன்றைக் கழித்து நோட்டில் எழுதுவார். பார்த்திபன் பிடிப்பான், ஜெயப்பிரியா எழுதுவாள். ஒன்பது தடவை, கடல் இரைச்சலுக்கு மேலே.

"இன்னா போச்சு, இன்னா போச்சுன்னு காலங்காத்தால ஒப்பாரி வச்சிகினு கீறீங்க?" என்பார் துரை, வலை பிரித்தபடி.

"உன் மணலுதான் போச்சு, அண்ணாத்த!" என்பான் பார்த்திபன்.

மதுராந்தகம் பக்கத்துக் கிராமத்திலிருந்து விடிவதற்குள் கிளம்பி, ரயிலில் செங்கல்பட்டு வந்து, அங்கிருந்து வேனில் கடற்கரை. ரயிலில் ஜெயப்பிரியா கிளை நூலகத்து நாவல்களைப் படிப்பாள். எல்லாம் மொழிபெயர்ப்பு. பனி பெய்யும் ஊர்கள், குதிரை வண்டிகள், கடிதத்தைப் படித்துவிட்டு ஜன்னலோரம் போய் நிற்கும் பெண்கள். ஒருநாள் தானும் ஒரு பெரிய அரங்கில் மைக் முன்னால் நின்று, ஒன்பது குறிகளின் கதையையும் சொல்ல, எல்லாரும் மூச்சுவிடாமல் கேட்பதாக நினைத்துக்கொள்வாள். படாளம் ஸ்டேஷன் தாண்டுவதற்குள் கைதட்டலே முடிந்துவிடும்.

கார்த்திகை மாதத்தில் சஹானா வந்து சேர்ந்தாள். கல்பாக்கம் டவுன்ஷிப் பெண், அப்பா விஞ்ஞானி. முதல் நாளே காரில் வந்து இறங்கினாள். வந்த வாரத்தில் அலைவரிக்கு ஒரு இணையப் பக்கம் செய்து கொடுத்தாள். அடுத்த வாரம் அவள் எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு எங்கிருந்தோ நாலு பேர் பாராட்டி எழுதினார்கள். அவளுக்குக் கர்வம் என்று சொல்லவும் வழியில்லை. கொண்டுவந்த முறுக்கை எல்லாருக்கும் நீட்டினாள். ராகவன், "சூப்பர் சஹானா" என்று சொல்வதை ஜெயப்பிரியா எண்ணிக்கொண்டு வந்தாள். தை பிறப்பதற்குள் பதினொன்று. இரண்டு வருடத்தில் தனக்கு எத்தனை என்று கணக்குப் பார்த்தாள். ஒன்று. அதுவும் டீ வாங்கி வந்ததற்கு.

ஒருநாள் வேனில் ஜெயப்பிரியாவின் மடியிலிருந்த நாவலைச் சஹானா எட்டிப் பார்த்தாள்.

"அய்யோ, இதுவா! நான் இங்கிலீஷ்ல படிச்சேன். கடைசில அவ செத்துப்போறப்ப ஒரு மணி நேரம் அழுதேன், தெரியுமா?"

ஜெயப்பிரியாவுக்கு இன்னும் நாற்பது பக்கம் பாக்கி இருந்தது.

அந்த நாவல்களில் பொறாமை என்பது கம்பீரமாக வரும். வைர நெக்லஸைக் கழற்றி எறிவார்கள். அவளுக்கு வந்ததோ வேர்க்குரு மாதிரி. சொறிந்தால் எரியும், சும்மா இருந்தாலும் எரியும், பிறர் பார்க்கச் சொறியவும் முடியாது.

தை மாத ஞாயிறன்று பார்த்திபன் வரவில்லை. அக்காவுக்கு நிச்சயதார்த்தம். ராகவனே வேன் ஓட்டினார். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

"வெள்ளிக்கிழமை கலெக்டர் ஆபீஸ் கூட்டத்துல நமக்குப் பத்து நிமிஷம் குடுத்திருக்காங்க. வலைக்கூடத்தை ரோட்டுக்கு மேற்கால மாத்த அடுத்த மழைக்கு முன்னாடி இடம் குடுங்கன்னு கேக்கணும். சஹானா பேசட்டும். பளிச்சுனு பேசுவா."

"நானா? ஜெயாதானே இத்தனை நாளா..." என்றாள் சஹானா.

"ஜெயாவுக்கு மைக்குன்னாலே கூச்சம். இல்ல ஜெயா?"

கூச்சம் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. "ஆமாண்ணா" என்றாள்.

கடற்கரையில் இறங்கியதும் ராகவன் அவள் கையிலிருந்த நோட்டை வாங்கிச் சஹானாவிடம் கொடுத்தார். "பேசப்போறவ ஒரு தடவை தன் கையால அளந்து எழுதினா நல்லது. ஜெயா, நீ நுனியைப் புடி." சொல்லிவிட்டு ஊர்க்காரர்களைப் பார்க்கப் போய்விட்டார்.

இரண்டு வருடம் மழையில் நனையாமல், ஜாக்கெட்டுக்குள்ளும் பிளாஸ்டிக் பைக்குள்ளும் வைத்துக் காப்பாற்றிய நோட்டு. சஹானா அதைத் திறந்து, பக்கத்தை ஒருமுறை ஊதினாள். மணல் பறந்தது.

முதல் குறி மின்கம்பம். ஜெயப்பிரியா கிழிந்த முனையைக் கம்பத்தில் அழுத்திப் பிடித்தாள். கத்துவதற்கு வாயும் திறந்தாள். எதிரே டேப்பை இழுத்துப் பிடித்தபடி சஹானா நின்றாள். வெயிலில் அவள் நிழல் நோட்டின் மேல் விழுந்திருந்தது.

"சரியா இருக்கா?" என்று கத்தினாள் சஹானா.

"இருக்கு!"

சஹானா குனிந்து எழுதினாள்.

முதல் தடவை வாய் எழவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவதை மறதி எனலாம். நான்காவது குறியில், துரை வலையிலிருந்து தலையைத் தூக்கி, "இன்னா பாப்பா, இன்னிக்கி ஒப்பாரி இல்லியா?" என்று கேட்ட பிறகும் அவள் சும்மா இருந்தாளே, அதற்கு என்ன பெயர்? ஒன்பது குறிகளிலும் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒன்பது இடத்திலும் கடல் ஒரு மீட்டர் பின்வாங்கியதாக, சஹானாவின் அச்சுப் போன்ற எழுத்தில் நோட்டில் ஏறியது.

ராகவன் கண்டுபிடித்துவிடுவார் என்று எதிர்பார்த்தாள். இரண்டு திட்டு கிடைக்கும், சஹானாவுக்கு அளக்கத் தெரியவில்லை என்று ஆகும், அத்தோடு முடியும் என்பது அவள் கணக்கு. ராகவன் எண்களைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். பிறகு, "தையில கொஞ்சம் மணல் திரும்பும்தான்" என்றார். அவர் சொன்னதிலும் தவறில்லை. சில வருடம் அப்படியும் திரும்பும்.

திங்கள், செவ்வாய், புதன். கல்லூரிக்குப் போகும் ரயிலில் புத்தகம் விரித்தபடியே இருந்தது, பக்கம் திரும்பவில்லை. தினமும், போன் செய்து சொல்லிவிடலாம் என்று நினைப்பாள். அப்போது பார்த்து வாட்ஸ்அப் குழுவில் சஹானாவின் செய்தி வந்து விழும்: வண்ண வண்ணக் கோடுகளாய் ஒரு வரைபடம். கீழே வரிசையாகக் கைதட்டும் படங்கள். 'சூப்பர் சஹானா.' பன்னிரண்டு.

வெள்ளிக்கிழமை கூட்ட அரங்கில் ஏசி குளிர்ந்தது. துரை அன்று கடலுக்குப் போகாமல், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். ஜெயப்பிரியா அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் பைக்குள் டேப் இருந்தது. ஏன் எடுத்து வந்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

சஹானா நன்றாகப் பேசினாள். அதுதான் கொடுமை. வலைக்கூடத்தைப் பற்றிச் சொன்னாள், இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தை விட்ட ஜெயப்பிரியாவைப் பற்றியும் ஒரு வரி சொன்னாள். அந்த ஒரு வரிக்காகவும் ஜெயப்பிரியாவுக்கு அவள்மேல் கோபம் வந்தது.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி, கண்ணாடியை இறக்கித் திரையைப் பார்த்தார். நடுத்தர வயதுப் பெண்மணி.

"இந்த மாசம் ஒன்பது இடத்துலயும் கரை முன்னால வந்திருக்கேம்மா. கடலே திருப்பிக் குடுக்குது. அப்புறம் என்ன அவசரம்? அடுத்த மழை முடியட்டும், பார்ப்போம்."

"சில சமயம் மணல் திரும்பும் மேடம், ஆனா மொத்தமாப் பார்த்தா..." சஹானா தடுமாறி நோட்டைப் புரட்டினாள்.

துரை எழுந்துவிட்டார். "திரும்பலீங்க மேடம். எங்க வாசப்படியாண்ட வந்து நிக்கிது தண்ணி. அடுத்த மழைக்கு வலைக்கூடமே இருக்காது."

"நான் என்னண்ணே செய்யறது? உங்க பிள்ளைங்க அளந்து எழுதினதுதானே இது?"

துரை திரும்பி ஜெயப்பிரியாவைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. 'நீதானே அளந்தே, நீ சொல்லு' என்பது போலப் பார்த்தார்.

அவள் எழுந்து நடந்தாள். மைக் அவள் உயரத்துக்கு இல்லை. சஹானா ஒதுங்கி, அதைக் கீழே வளைத்துக் கொடுத்தாள்.

"டேப்புல முதல் மீட்டர் இல்ல மேடம்."

யாரோ சிரித்தார்கள். அவள் பையைத் திறந்து, டேப்பை இழுத்து, பிசிறாய்க் கிழிந்த முனையைத் தூக்கிக் காட்டினாள்.

"இது ஒண்ணுலருந்துதான் ஆரம்பிக்கும். எல்லா மாசமும் ஒண்ணைக் கழிச்சுத்தான் எழுதுவோம். இந்த மாசம் கழிக்கல. கழிச்சுப் பாருங்க, ஒரு இடத்துலயும் மணல் திரும்பி வரல. இவளுக்கு அது தெரியாது. முனையைப் புடிச்சது நான். நான்தான் சொல்லணும்."

"மறந்துட்டியாம்மா?" என்றார் அதிகாரி. குரலில் கனிவு இருந்தது. முன்வரிசையில் ராகவன் தலையை லேசாக ஆட்டினார், ஆமாம் என்று சொல்லிவிடச் சொல்வதுபோல. ஒரு சொல் போதும். யாருக்கும் நஷ்டமில்லை.

இந்த மைக்கில் பேசத்தான் அவள் இரண்டு வருடம் ரயிலில் ஒத்திகை பார்த்தாள்.

"மறக்கல மேடம்" என்றாள்.

அதிகாரி பேனாவை மூடினார். "புதன்கிழமை எங்க சர்வேயர் வருவார், எங்க டேப்போட. அவர் முன்னால திரும்ப அளங்க. அந்த அளவை வச்சு முடிவு பண்றேன்."

வெளியே வேப்பமரத்தடியில் ராகவன் யார் முகத்தையும் பார்க்காமல் வேன் சாவியைத் தேடினார். துரை மட்டும், "கடலக்கூட நம்பலாம் போல கீது, உங்க டேப்ப நம்ப முடியாது" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தார். சஹானா ஜெயப்பிரியாவின் எதிரில் வந்து நின்றாள். கண்கள் சிவந்திருந்தன.

"'ஒண்ணு போச்சு, போச்சு'ன்னு நீயும் பார்த்தியும் கத்துவீங்களே, அது உங்க ரெண்டு பேருக்குள்ள ஏதோ ஜோக்குன்னு நினைச்சேன். கேட்டா, இதுகூடத் தெரியலியான்னு சிரிப்பீங்கன்னு கேக்கல. வேன்ல வர்றப்ப உங்களைப் பார்த்து எனக்கு எவ்ளோ எரியும் தெரியுமா? மூணு மாசமா முறுக்கு கொண்டு வரேன். ஒருநாள்கூட 'நீயும் கத்து'ன்னு சொல்லல."

"முறுக்கு நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள் ஜெயப்பிரியா.

"போடி" என்றாள் சஹானா. சிரிக்கவில்லை. அப்பாவின் கார் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

புதன்கிழமை காற்று பலமாக இருந்தது. சர்வேயர் பளபளக்கும் இரும்பு டேப் கொண்டு வந்தார். அதில் எல்லா மீட்டரும் இருந்தன. பார்த்திபனுக்கு யாரோ எல்லாம் சொல்லியிருந்தார்கள். "இன்னா ஜெயா, நான் ஒருநாள் வரலேன்னா கடலையே தள்ளிட்டியாமே?" என்றான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, சர்வேயரின் பக்கம் நகர்ந்தான்.

இனி நோட்டைத் தொட விடமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் அவள் வந்திருந்தாள். சஹானா நேராக வந்து அதை அவள் கையில் திணித்தாள்.

"நீயே எழுது. என் எழுத்து இருந்தா உனக்குத் தூக்கம் வராது."

குத்தல்தான். வாங்கிக்கொண்டாள்.

சஹானாவும் பார்த்திபனும் முனையை எடுத்துக்கொண்டு குறிக்கு நடந்தார்கள். சர்வேயர் ஜெயப்பிரியாவுக்குப் பக்கத்தில், சருகுக் கோட்டில் நின்று அளவைப் படித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது குறியில் துரை வலையை நகர்த்தி வழிவிட்டார்.

"பதினெட்டு அறுபது" என்றார் சர்வேயர். ஞாயிற்றுக்கிழமையின் நிஜ அளவைவிட முப்பது சென்டிமீட்டர் குறைவு. பத்து நாளில் கிட்டத்தட்ட ஒரு அடி போயிருந்தது. அவர் வலைக்கூடத்தைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், தன் தாளில் எண்ணுக்குக் கீழே கோடு போட்டார்.

அப்போது தூணடியிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. பார்த்திபன் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். சஹானா குனிந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என்ன சொன்னான் என்று காற்றில் கேட்கவில்லை. ஜெயப்பிரியாவுக்கு உள்ளே அந்தப் பழைய இடத்தில் மறுபடியும் அரிக்க ஆரம்பித்தது. தன்னைப் பற்றியா? வேறு ஏதாவதா? தலை தானாக நிமிரப் பார்த்தது.

நோட்டின் தாள் காற்றில் படபடத்தது. அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தாள். பதினெட்டு, புள்ளி, ஆறு, பூஜ்ஜியம். எழுதியதை ஒருமுறை சரிபார்த்தாள். அதற்குப் பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள்.