பத்து மணிக் கல்யாணம்

அன்று காலை எங்கள் சமையலறையில் இருந்தவர்கள் ஐந்து பேர்: மாதா கோயில் கோபுரக் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும் நான், என் மனைவி கிரெசென்ஸ், மணப்பெண்ணான எங்கள் மகள் வால்பூர்கா, மாப்பிள்ளை கோர்பீனியன், அவன் தாய் ஒட்டீலியே. ஆறாவதாக ஒருவரும் இல்லை. பிற்பாடு வாய் கிழியப் பேசியவர்கள் எவரும் அங்கே இல்லை. 1916, மே இரண்டாம் தேதி.

கோபுரம் ஒன்பது அடித்து ஓய்ந்ததும் தாயும் மகனும் வந்து கதவைத் தட்டினார்கள். அவன் ராணுவ உடையில் முழங்கால்வரை சேறு. வால்பூர்காவுக்கு அப்போது ஒரு பக்கச் சடைதான் பின்னி முடிந்திருந்தது.

“மணி பத்தாச்சு மாமா. கோயில் பூட்டியே கிடக்கு.”

“ஒன்பது. இப்பத்தானே அடிச்சுது, காதுல விழலியா?”

“ரயில்வேக்குப் பத்து. பன்னிரண்டுக்கு வண்டி, ஸ்டேஷனுக்கு ஒரு மணி நேர நடை. தவறவிட்டா பட்டாளத்தை விட்டு ஓடிப்போனவன்னு எழுதிடுவாங்க.”

ஞாயிற்றுக்கிழமை பங்குத்தந்தை அரசாங்க உத்தரவை வாசித்தபோது நானும் கேட்டேன். போருக்கு நிலக்கரி வேண்டும். கோடையில் விடிந்த பிறகும் தூங்கி வெளிச்சத்தை வீணாக்குகிறோம். கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளினால் மாலையில் விளக்கேற்றும் நேரம் தள்ளிப்போகும். நல்லது. எங்கள் மலையில் எரிவது பைன் விறகு. இருட்டினால் படுத்துவிடுகிறோம். என் தாத்தா சூரியனைப் பார்த்து வைத்த கடிகாரத்தை நான் தொடவில்லை.

“உங்க கோபுரத்துல மட்டும் தனி ராஜாங்கமா, சம்பந்தி?” என்றாள் ஒட்டீலியே.

“இப்பவே போய் முடிச்சிடலாமே,” என்றாள் கிரெசென்ஸ்.

அது முடியாது. பத்து மணி என்று மூன்று ஞாயிறு அறிவித்த கல்யாணம். மணி அடிக்குமுன், ஊர் கூடுமுன் எங்கள் கோயிலில் எந்தப் பெண்ணும் தாலிக்கு ஈடான அந்த மோதிரத்தை வாங்கியதில்லை. என் மகள் திருட்டுக் கல்யாணம் செய்துகொள்ள மாட்டாள்.

வால்பூர்கா பின்னாத கூந்தலை ஒரு கையில் பிடித்தபடி எழுந்தாள். “அப்பா, சூரியன் எங்கயும் ஓடிடாது. ரயில் ஓடிடும்.”

சாவியை எடுத்துக்கொண்டு கோபுரத்தில் ஏறினேன். எழுபத்திரண்டு படி. பெரிய முள்ளை ஒரு முழுச் சுற்று நானே தள்ளினேன். பத்து அடிகள், ஒன்றுகூடக் குறையவில்லை. மேலிருந்து பார்த்தேன். அங்கிப் பொத்தானை மாட்டிக்கொண்டே பங்குத்தந்தை ஓடினார். ரொட்டிக்காரர் மாவுக் கையோடு ஓடினார். மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஊரே ஓடியது. எல்லோருக்கும் முன்னால், ஒரு பக்கச் சடை காற்றில் அவிழ, என் மகள் தலை நிமிர்ந்து நடந்தாள்.

அந்தப் பெண்ணுக்கு ஏதோ அவசரம், அதனால்தான் ஒன்பது மணிக்கே கல்யாணத்தை முடித்தார்கள் என்று மலையடிவாரக் கீழூரில் இன்றும் சொல்கிறார்களாம்.

தவறு. கல்யாணம் பத்து மணிக்கு நடந்தது. மணி அடிக்க வைத்தவன் நான்.