டெல்மாவின் ஒருவழிச் சைலன்சர்

ஒரு வருடம் டெல்மா கிரீவ்ஸின் மோட்டார் சைக்கிள் ஹாரோ உப்பேரியை நோக்கிப் போனால் சீறியது. ஏரிக்கு முதுகைக் காட்டினால் நொண்டியது. ஆட்டுக்கறி கிலோவுக்கு இரண்டு டாலர் ஏறியதும் அதே வருடம்தான். ஊரில் அதிகம் பேசப்பட்டது கறியைப் பற்றி.

தண்ணீர் வற்றி உப்புத் தரையாகக் கிடக்கும் ஏரியில் மார்ச் மாதம் நடக்கும் வேகப் பந்தயத்தில் ஏழு வருடமாக அவள் மணிக்கு நூற்றுத் தொண்ணூற்றேழு மைலைத் தாண்டவில்லை. இருநூற்றைத் தொட்டால்தான் சிவப்புத் தொப்பி. போக ஒன்று, வர ஒன்று என இரண்டு ஓட்டம், சராசரிதான் கணக்கு. அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது, இடது கண்ணில் திரை விழுந்துகொண்டிருந்தது, வண்டி ஓட்ட இந்த ஒரு வருடத்துக்குத்தான் மருத்துவர் கையெழுத்துப் போட்டார். எஞ்சினில் இனிப் பிடுங்க ஒன்றுமில்லை என்று சைலன்சரில் கை வைத்தாள். குழாய் நீண்டால் தொடக்கத்தில் இழுவை, குறைந்தால் உச்சத்தில் பாய்ச்சல். கறிக்கடையில் எலும்பைக் குறைக்கச் சொல்வதுபோல விரற்கடை விரற்கடையாகப் பேரம் பேசி அறுத்தாள். வளைக்கும்போது குழாய் நசுங்காதிருக்கக் காய்ந்த மணலை அடைத்துச் சூடாக்க வேண்டும். அன்று மணல் மழையில் ஊறிக் கிடந்தது. அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய ஏரி உப்பு இருந்தது. இருந்திருக்கக் கூடாது. ஏரி, அதன் கரையில் காலங்காலமாக வாழும் வெர்னாவின் மக்களுடையது. சிட்டிகை உப்பும் வெளியே போகாதபடி வெர்னா வாசலில் பிரஷோடு நின்று டயரையும் பூட்ஸையும் தேய்த்துத்தான் எவரையும் அனுப்புவாள். டெல்மா முதல் வருடமே அவள் கண்ணில் மண்ணைத் தூவியிருந்தாள். உப்பை அடைத்ததும் குழாய் வெண்ணெயாக வளைந்தது. உள்ளே உருகி ஒட்டிய உப்பு மட்டும் எதற்கும் அசையவில்லை.

பந்தயத்தில், உப்பை அள்ளிய வடகரையை நோக்கி இருநூற்று அறுபத்தொன்று. திரும்பும்போது தொண்ணூற்றிரண்டு. நேரம் பார்க்கும் ரெஜ் சராசரியை வாசித்தார்: நூற்று எழுபத்தாறரை.

"காத்து தள்ளிருக்குமோ?" என்றார். கொடி கம்பத்தைக் கட்டிக்கொண்டு தூங்கியது.

வெர்னா குனிந்து குழாயில் காதை வைத்தாள். "என்னடி டெல்மா, எங்க ஊரு ஆளு யாரோ உள்ள அழுவுற சத்தம் கேக்குது?"

"ஒரே ஒரு டப்பாதான் வெர்னாக்கா. ஞாபகத்துக்கு."

"ஞாபகத்துக்கு போட்டோ புடிக்கத் தெரியாதா? என்னைப் புடிச்சிருந்தா என்னையும் டப்பாவுல அடைச்சிருப்பியா?"

பந்தயம் முடிந்ததும் தந்துவிடுவதாக டெல்மா இழுத்தாள். உப்பு போனால் குழாயின் உள்விட்டம் மாறும், அறுத்த கணக்கெல்லாம் வீண். பந்தயத்தில் மிச்சமிருந்ததோ ஒரே நாள்.

"இப்பவே," என்றாள் வெர்னா.

டெல்மா குழாயைக் கழற்றி, வடகரையில் தான் தோண்டிய பள்ளத்தில் வைத்தாள். ஏழு மழைக்கும் நிரம்பாமல் பிஸ்கட் டப்பா அளவிலேயே கிடந்த பள்ளம் அது. விடிந்தபோது குழாய் கழுவிய கண்ணாடி டம்ளராக இருந்தது. பள்ளம் இருந்த இடம் சமதரையாகியிருந்தது. அன்று போகும்போது இருநூற்று மூன்று, வரும்போதும் இருநூற்று மூன்று. ஒரு மைல் கூட்டிப் போடுங்கள் என்று அவள் கேட்டுப்பார்த்தாள், ரெஜ் மசியவில்லை.

இப்போதும் ஒவ்வொரு மார்ச்சிலும் சிவப்புத் தொப்பியும் பிரஷுமாக வெர்னாவுக்குப் பக்கத்தில் டெல்மா நிற்கிறாள். கண் மங்கிவிட்டது, யாருடைய காலுறையில் எத்தனை கல் உப்பு ஒளிந்திருக்கிறது என்பதைக் காதால் கேட்டுச் சொல்லிவிடுகிறாள். விதிப்புத்தகத்தில் ஒரு வரி கூடியிருக்கிறது: காற்றின் உதவி கணக்கில் சேராது, உப்பின் உதவியும் சேராது.